பூட்டிக்கொள்ளாத திரை

பிற்பகல் அஸர் தொழுது, தஸ்பீஹ் ஓதி, முஸல்லா விரிப்பை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு மபாஸா சிறிய அறைக்குத் திரும்பியபோது, கணினியின் திரை அவள் விட்டுப்போனபடியே ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அது பூட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஐந்து நிமிடம் எவருடைய கையும் படாதிருந்தால் அந்தக் கணினி தானாகவே திரையை மறைத்துக் கடவுச்சொல் கேட்கும். அவளுடைய கணவர் செய்னுலாப்தீன் அதை அப்படித்தான் அமைத்துவைத்திருந்தார். அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போன பின்னரும் அந்த ஒழுங்கு ஒருநாளும் பிசகியதில்லை. அதை நம்பியே மபாஸாவும் ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொண்டிருந்தாள். பாங்கின் முதற்சொல் காதில் விழுந்ததும், எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியம் பாதியில் நின்றாலும், கையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். திரையைப் பூட்டுவதற்கென ஒரு கணமேனும் தாமதிப்பதில்லை. அவள் கைகால் முகம் கழுவி வுளூ செய்து முடிப்பதற்குள் கணினி தன்னைத் தானே பூட்டிக்கொண்டிருக்கும்.

இன்றோ அவள் வுளூ செய்தாள், தொழுதாள், மௌத்தானவருக்காக யாஸீன் ஓதினாள், இடையில் குசினிக்குச் சென்று அடுப்பையும் தணித்துவிட்டு வந்தாள். ஆயினும் திரை விழித்திருந்தது. பாதியில் நின்ற வாக்கியத்தின் முடிவில் அந்த மெல்லிய கோடு அணைந்து அணைந்து எரிந்தது.

வெளியே கச்சான் காற்று தென்னோலைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. அது வாரிவந்த பொடிமணல் யன்னற் கண்ணாடியில் ஓயாமல் உராய்ந்தது. களப்புப் பக்கத்திலிருந்து கருவாட்டு வாடையும் அழுகிய பாசியின் வாடையும் கலந்து வந்து, மூடிய யன்னலின் இடுக்குகளால் அறைக்குள் கசிந்தன. மபாஸா நிலைப்படியிலேயே நின்று கதிரையைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். சுட்டியைப் பார்த்தாள். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

யாரோ தொட்டிருக்கிறார்கள். தொடாமல் அது விழித்திருக்க வழியில்லை.

வீட்டில் அவளைத் தவிர இருந்தவர் ஒருவர் மாத்திரமே.

மபாஸா இத்தா இருந்தாள். கணவரை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வாசலைத் தாண்டாமல், அந்நிய ஆண்களின் கண்ணிற் படாமல் வீட்டுக்குள் அடங்கியிருக்கும் காலம் அது. அவளுக்கு மூன்றாம் மாதம் நடந்தது. அவர்களுடைய ஊரான குறிஞ்சிப்பிட்டியில் இத்தா வீட்டுப் பெண்ணைத் தனியே விடமாட்டார்கள். துணைக்கு வந்து தங்கியிருந்தவள் செய்னுலாப்தீனின் மூத்த சகோதரி ஸக்கியா. நேரம் தவறாமல் சமைப்பாள், அதிகம் கதைக்கமாட்டாள், வந்து போகிறவர்களுக்கு நிதானமாகப் பதில் சொல்வாள். அவளில் குறைசொல்ல ஒன்றுமில்லை, அவள் ஃபைஸலைப் பெற்றவள் என்பதைத் தவிர.

ஃபைஸலுக்குத்தான் மபாஸாவின் ஒரே மகள் அஸ்காவைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சென்ற வருடம் விலா எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போன அஸ்கா, அங்கிருந்து கணவன் வீட்டுக்கும் திரும்பவில்லை, தாய் வீட்டுக்கும் வரவில்லை. அவளை வழியனுப்பியவள் மபாஸா. எங்கே போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. "எனக்கும் சொல்லாத மகள். எனக்குத் தெரியாத ஒண்ட என்னட்டயிருந்து ஒருத்தரும் புடுங்க ஏலாது" என்று மாத்திரம் சொன்னாள்.

செய்னுலாப்தீன் மருமகனின் பக்கம் நின்றார். "புள்ளய அவள்ட புருசன்ட கையில ஒப்படைக்காம நான் மௌத்தாக மாட்டன்" என்று பள்ளிவாசலில் பலர் கேட்கச் சொன்னார். மனைவியின் கைப்பேசியைத் தினமும் வாங்கிப் பார்த்தார். ஆனால் மபாஸா ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பிரத்தியேக வகுப்புகளுக்கு வினாத்தாள் தட்டச்சுச் செய்து கொடுப்பவள். அந்த வேலைக்கென்று கணினியில் அவளுக்குத் தனியாக ஒரு நுழைவும் தனியாக ஒரு கடவுச்சொல்லும் இருந்தன. அதற்குள்தான், ஒரு மாணவியின் பெயரில், நாள்தோறும் பிற்பகலில் ஒரு வரி வரும்: "சுகமாக இருக்கிறேன் உம்மா." தாயும் மகளும் அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அதை வேறொரு கண் பார்த்தால், வேறொரு கை அதிலே ஒரு கேள்வியைக் கேட்டால், ஃபைஸல் மகளைத் தேடிப் போய்விடுவான். அடுத்தமுறை முறிவது விலா எலும்பாக இராது.

மபாஸா குசினிக்குப் போனாள். ஸக்கியா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"மைனி, அந்தச் சின்ன அறைக்குப் போனீங்களா?"

"நான் என்னத்துக்கு அங்க போற?"

"கம்பியூட்டர் பூட்டுப்படாமக் கிடக்கு."

"அதப் பூட்டுறதும் தொறக்கிறதும் எனக்கென்ன தெரியும் மபாஸா. என்ட போன்லயே பச்சய அமத்துற எண்டு நெனச்சுச் செவப்பத்தான் அமத்துற." துருவலைக் கோதிச் சட்டியில் இட்டாள். "படிச்ச நீ, என்னட்ட வந்து கேக்கிறா."

அவள் தலை நிமிரவில்லை. நிமிராமல் சொன்னதை மபாஸா மனத்திற் குறித்துக்கொண்டாள்.

மறுநாட் காலையில் ஸக்கியாவின் கைப்பேசியை வாங்கி, கற்பிட்டியில் கணினி திருத்தும் கில்பட்டுடன் பேசினாள். ஒருகாலத்தில் அவளிடம் படித்தவன். இத்தாவில் இருப்பவள் அந்நிய ஆணுடன் பேசுவதை விரும்பாத ஸக்கியா, பக்கத்திலேயே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அஞ்சு நிமிசம் எண்டுதான் கெடக்கா டீச்சர்? யாரும் மாத்தி வைக்கலயே?"

"அஞ்சுதான். பாத்துட்டன்."

"மவுஸ் எதுக்கு மேல இருக்கு?"

"மேசைக் கண்ணாடிக்கு மேல."

"அதுதான் உங்கட பேய்" என்று கில்பட் சிரித்தான். "கண்ணாடிக்கு மேல வைச்சா, மேச கொஞ்சம் ஆடினாலும் அம்புக்குறி நடுங்கும். நடுங்கினா ஆள் இருக்கு எண்டு கம்பியூட்டர் நெனைக்கும். அதுக்குக் கண்ணா டீச்சர் இருக்கு? அசைவு வந்தா ஆள், வராட்டி ஆள் இல்ல. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். இந்தக் காத்துக்கு உங்கட மேச ஆடாம என்ன செய்யும்?"

"அப்ப என்ன செய்ய?"

"மவுஸக் கவுத்துப் போடுங்க. அதோட, எழும்பக்குள்ள நீங்களே கையாலப் பூட்டிட்டு எழும்புங்க. தானாப் பூட்டும் எண்டு நம்பிப் போறது சரியில்ல டீச்சர். அந்த அஞ்சு நிமிசத்துக்குள்ள ஒரு ஆள் வந்து குந்தினாப் போதும், பொறகு அவன் எழும்புற வரைக்கும் அது தொறந்துதான் கெடக்கும்."

"எட்டாம் வகுப்பில வீட்டுவேல தானா எழுதுப்படும் எண்டு நம்பினவன் நீ. எனக்குச் சொல்ல வந்திட்டாய்."

"அதுதான் டீச்சர், பட்டுத் தெளிஞ்சவன் சொல்றன்."

மனம் சற்று இலேசாயிற்று. காற்றும் கண்ணாடியும், அவ்வளவே. வீணாக ஸக்கியாவைச் சந்தேகித்தோமே என்றுகூடத் தோன்றியது. மபாஸா சுட்டியைப் புரட்டி வைத்தாள். நண்பகல் லுஹர் பாங்கு கேட்டதும், பழக்கத்துக்கு மாறாக ஒரு கணம் நின்று, தன் கையாலேயே திரையைப் பூட்டிவிட்டு எழுந்தாள்.

தொழுது முடித்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஃபைஸல் வந்திருந்தான்.

இத்தாக் காலத்தில் ஊரின் ஆண்கள் எவரும் அந்தப் படியை மிதிக்கவில்லை. மகளின் கணவன் என்பதால் அவனுக்கு மாத்திரம் தடையில்லை. ஊர் முழுவதற்கும் சாத்தப்பட்ட கதவு, அது எவனுக்குச் சாத்தப்பட வேண்டுமோ அவனுக்கு மாத்திரம் திறந்திருந்தது. அவன் ஒரு பாரை மீனைத் தாயிடம் கொடுத்துவிட்டு, மாமனாரின் கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தான்.

"மாமி சொகமா?"

"அல்ஹம்துலில்லாஹ்."

"அஸ்காட கத ஏதும்?"

"இல்ல."

"மாமா இருந்திருந்தா இதுக்கிடையில ஆளக் கண்டுபுடிச்சிருப்பார்." கோப்பையை மெல்லச் சுற்றினான். "அவர் தேடிட்டுத்தான் இருந்தவர் மாமி. மௌத்தான அண்டைக்குக் காலையிலயும் எனக்குக் கோல் எடுத்த. மாமி தொறந்தபடி விட்டுட்டுக் குசினில நிக்கிறா, நான் அவட கம்பியூட்டர்லதான் குந்தியிருக்கன், இண்டைக்கு எடுத்துத் தாறன் மகன் எண்டு சொன்ன."

குசினிக்குள் மீன் வெட்டும் சத்தம் நின்றது.

மபாஸாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. முப்பது வருடம் வகுப்பறையில் நின்று பழகிய முகம் அது. அவன் போகும்வரை எதிரிலேயே இருந்தாள். அவன் நடையைவிட்டு உள்ளே ஓரடி வைக்கவில்லை என்பதைக் கண்ணால் உறுதிசெய்துகொண்டாள். மோட்டார் சைக்கிளின் ஒலி காற்றில் கரைந்த பின்னர் எழுந்து சிறிய அறைக்குப் போனாள்.

திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

கவிழ்த்து வைத்த சுட்டி கவிழ்ந்தபடியே இருந்தது. அதன் அடிவயிற்றுச் சிவப்பு வெளிச்சம் கூரையைப் பார்த்து எரிந்தது. தன் கையால் பூட்டிய திரை, தன் கடவுச்சொல்லைக் கேட்டிருக்க வேண்டிய திரை, மகளின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தது. வினாத்தாள் மணக்கவேண்டிய அந்த அறையில் நீண்ட நேரம் ஒருவர் உட்கார்ந்திருந்த உடலின் புழுக்கம் நின்றது.

அந்தி சாயும் மஃரிபுக்கு முன்னர் மபாஸா மூன்று காரியங்கள் செய்தாள். கடவுச்சொல்லை மாற்றினாள். திரையின் வெளியேறும் குறியை அழுத்தி முற்றாக வெளியேறினாள். அறைக் கதவைப் பூட்டிச் சாவியைச் சீலைத் தலைப்பில் முடிந்தாள். பிறகு ஸக்கியாவைக் கூப்பிட்டு, "மைனி, இண்டைக்கு ரெண்டு பேரும் ஒண்டாத் தொழுவம்" என்றாள்.

ஸக்கியா அவளை ஒரு தடவை பார்த்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள்.

தோளோடு தோள் உரச நின்றார்கள். ஸக்கியாவின் மூச்சு, ஸக்கியாவின் சீலையில் இருந்த மீன் வாடை, ஸக்கியாவின் முழங்கால் மடங்கும்போது எழும் சிறு நெட்டொலி, இவை எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன என்பதை மபாஸா ஒவ்வொரு றக்அத்திலும் சரிபார்த்தாள். அப்படிச் சரிபார்ப்பது தொழுகைக்குக் கேடு என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. காற்று சற்று ஓய்ந்திருந்தது. மணல் உராயவில்லை. ஓலை அசையவில்லை.

ஸுஜூதில் நெற்றி நிலத்தைத் தொட்டிருந்தபோது கேட்டது.

பூட்டிய அறைக்குள், ஒரு விசை கீழே போகும் ஒலி.

ஒன்றே ஒன்று.

அது மேலே எழும் ஒலிக்காக மபாஸா காத்திருந்தாள். கேட்கவில்லை.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்த உடனே, துஆவுக்குக் கையைத் தூக்காமல் ஸக்கியா திரும்பினாள். அவளுடைய முகம் வெளிறியிருந்தது.

"உள்ளுக்கு ஆரு?"

அந்த இரண்டு சொற்களோடு மபாஸாவின் கடைசிச் சந்தேகமும் போயிற்று. ஸக்கியாவைச் சந்தேகிக்க முடிந்தவரை அது ஒரு மனிதக் கை என்றாவது இருந்தது. இனி அந்த ஆறுதலும் இல்லை.

மபாஸா சீலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்துச் சாவியைப் பூட்டுக்குள் நுழைத்தாள். கதவு திறந்தபோது திரையின் வெளிச்சம் இருவருடைய கால்களிலும் விழுந்தது. மகளுக்கு எழுதும் கட்டத்துக்குள் ஒரே எழுத்து, ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளியின்றி நிறைந்து கிடந்தது. யயயயயயயயயய. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி நிறைந்தது. அதற்கடுத்ததும்.

மபாஸாவுக்கு அந்தப் பிற்பகல் நினைவுக்கு வந்தது. நினைக்கக் கூடாது என்று இத்தனை நாளாக அடக்கிவைத்திருந்த பிற்பகல்.

அன்று செய்னுலாப்தீன் கணினியின் முன்னால், இதே கதிரையில் இருந்தார். லுஹருக்கு முன்னர் ஒருமுறை அவள் வாசலைக் கடந்தபோது அவருடைய முதுகைக் கண்டாள், திரை ஒளிர்ந்தது. சாப்பிடக் கூப்பிட வந்தபோதும் முதுகைக் கண்டாள், திரை ஒளிர்ந்தது. கோபமாக இருக்கிறார் என்று எண்ணித் திரும்பிப் போனாள். திரை எரிகிறதே, ஆகவே மனிதர் விழித்திருக்கிறார். வேறெதை அவள் நினைத்திருக்க முடியும்? அஸருக்குப் பின்னர்தான் அருகிற் போய்த் தோளைத் தொட்டாள். தோள் குளிர்ந்திருந்தது. டொக்டர் வந்து, உயிர் காலையிலேயே போய்விட்டது என்றார். வலது உள்ளங்கை விசைப்பலகையின் மேல் கிடந்தது. அந்தக் கையின் பாரத்தால், மணிக்கணக்காக, பக்கம் பக்கமாக ஒரே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்திற் பூட்டிக்கொள்ளும் கணினி அன்று பூட்டிக்கொள்ளவில்லை. அதற்குக் கை தெரியும். கையில் உயிர் இருக்கிறதா என்பது தெரியாது.

செய்தி கேட்டு ஓடிவந்து அந்தக் கையை எடுத்துவிட்டவள் ஸக்கியா.

"இது தம்பி" என்று ஸக்கியா இப்போது சொன்னாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நான் எடுத்து விட்டன் மபாஸா. வெரல் ஒவ்வொண்டா. எடுத்த பொறகுதான் அந்த எழுத்து நிண்ட."

மபாஸா திரையை நோக்கி ஓரடி வைத்தாள். ஸக்கியா அவளுடைய கையைப் பிடித்தாள்.

"அவள் எங்க எண்டு ஒனக்குத் தெரிஞ்சாலும் எனக்குச் சொல்லாத. என்ட மகன் அவளுக்குச் செஞ்சத நான் கண்ணாலக் கண்டவள். அண்டைக்கு நான் வாயத் தொறக்கல்ல. இண்டைக்காவது அந்தப் புள்ளக்குச் சொல்லி விடு. இந்தப் பெட்டிய நம்ப வேணாம் எண்டு சொல்லி விடு."

மபாஸா கதிரையில் உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து, நிறைந்து கிடந்த எழுத்துகளை அழித்தாள். விசைகள் வெதுவெதுப்பாக இருந்தன. ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொல்லி, ஸக்கியா கேட்க எழுதினாள்: "அஸ்கா, இனி இதில் எதையும் எழுதாதே. நானே கேட்டாலும் நீ இருக்கும் இடத்தைச் சொல்லாதே. நான் வேறு வழி பார்க்கிறேன்." அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்ததை இருவரும் கண்டார்கள். உடனே சுவரிலிருந்த மின்வயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது. வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டுபோய்த் தலையணைக்குக் கீழே வைத்தாள்.

இரவில் ஒன்றும் நடக்கவில்லை. காலையிலும் இல்லை. நண்பகலில் இருவரும் ஃபைஸல் கொண்டுவந்த பாரை மீனைச் சாப்பிட மனமில்லாமல் பூனைக்குப் போட்டார்கள். அஸ்கா அந்த வரிகளைப் படித்தாளா என்பது மாத்திரம் மபாஸாவை அரித்துக்கொண்டிருந்தது. எழுதாதே என்று சொல்லியிருந்தாலும், படித்திருந்தால் ஒரு "ஓம்" என்றாவது வந்திருக்கும். அதை ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு அந்தக் கணினியை உடைத்துக் களப்பில் எறிந்துவிடலாம்.

அஸர் தொழுத பின்னர் இருவரும் சேர்ந்தே போனார்கள். வயரைச் செருகினாள். புதிய கடவுச்சொல்லைக் கொடுத்தாள். காற்று மீண்டும் எழுந்திருந்தது. அது எழுந்தால் அந்தப் பக்கத்தில் இணைய இணைப்பு ஒழுங்காக வராது. மகளின் பக்கம் திறக்க முயன்று திறக்க முயன்று, நடுவில் ஒரு சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. மபாஸா கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எதையும் தொடவில்லை. ஸக்கியா பின்னால் நின்று ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தாள். வட்டம் சுழன்றது. மணல் கண்ணாடியை உரசியது. வெகுநேரம் சென்றது.

திரை இருண்டது. பூட்டிக்கொண்டது. கடவுச்சொல் கேட்டது.

மபாஸா அசையாமல் பார்த்தாள். பிறகு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கி, மூச்சு நீளமாக வெளியே வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ். பூட்டிட்டு மைனி. தானாப் பூட்டிட்டு."

"போயிட்டா?" என்று ஸக்கியா கேட்டாள். "தம்பி போயிட்டானா?"

"போயிட்டார்."

சொன்ன பிறகு, அந்தச் சொல் அறையில் நின்றது.

மபாஸா கடவுச்சொல்லைக் கொடுத்தாள். பூட்டியிருந்த வேளையில் இணைப்பு வந்திருந்தது. மகளின் பக்கம் திறந்து கிடந்தது.

நேற்று அவள் எழுதிய எச்சரிக்கை அதில் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், அவளுடைய பெயரில், மஃரிபுக்குப் பின்னரான அதே நேரத்தில், வேறொரு வரி இருந்தது.

"மகள், நீ எங்கே இருக்கிறாய்?"

அதன் கீழே அஸ்கா: "உம்மா, சொல்லவேண்டாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"இப்போது சொல்."

அதன் கீழே ஓர் ஊரின் பெயர் தொடங்கியது. மபாஸா கண்ணை மூடிக்கொண்டாள். பயனில்லை என்று தெரிந்தும் மூடிக்கொண்டாள். திறந்தபோது வீதியின் பெயர் இருந்தது, பள்ளிவாசலுக்கு எதிர்ப்பக்கம் என்று இருந்தது, மேல்மாடி, பச்சைக் கேற், கடைசி அறை என்று இருந்தது. கடைசியில், அவளுடைய பெயரில், இன்று நண்பகலில், மின்வயர் அவளுடைய தலையணைக்குக் கீழே சுருண்டு கிடந்த நேரத்தில், ஒரே ஒரு சொல்.

"வருகிறேன்."

கணினி ஏன் பூட்டிக்கொண்டது என்று அப்போது அவளுக்கு விளங்கிற்று.

அதன் மேல் இப்போது எவருடைய கையும் இல்லை.

அழைப்புக் குறியை அழுத்தினாள். மணி ஒலித்தது. மீண்டும் ஒலித்தது. திரையில் அஸ்காவின் முகம் வந்தது. கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஈரத் தலையைத் துவாயால் துவட்டிக்கொண்டு, யன்னலோரம் நின்றாள். மெலிந்திருந்தாள். சிரித்தாள்.

"உம்மா, இத்தா முடிய இன்னும் நாள் கிடக்குத்தானே, எப்படி வெளிக்கிட்டீங்க? எங்க வாறீங்க இப்ப?"

"அஸ்கா, அறைய விட்டு வெளிய போ."

"ஆ?"

"வெளிய போ மகள். இப்பயே போ."

"கேக்குதில்ல உம்மா. உங்கட சத்தம் வெட்டி வெட்டி வருது." துவாயைத் தோளில் போட்டாள். "நானும் உங்களுக்கு எடுக்கத்தான் இருந்த. என்ட லெப்டொப்புக்கு என்னமோ புடிச்சிருக்கு. லுஹருக்கு எழும்பின நான், இன்னும் கிட்டப் போகல்ல. பூட்டுப்படாம அப்படியே எரிஞ்சிட்டுக் கிடக்கு. நீங்க பாத்தா விளங்கும், பொறுங்க."

"அஸ்கா."

காட்சி ஆடியது, சுவர், யன்னல், மின்விசிறி. பிறகு நின்றது.

சிறிய அறை. சுவரோடு ஒரு கட்டில். மபாஸா பழக்கியபடியே சுருக்கமில்லாமல் இழுத்து விரித்த இளநீலப் படுக்கைவிரிப்பு. அதன் நடுவே மடிக்கணினி, திரை ஒளிர.

ஸக்கியாவின் ஓதல் நின்றது.

மடிக்கணினிக்குப் பக்கத்தில், கட்டிலின் ஓரத்தில், விரிப்பு மெல்லக் கீழே போயிற்று. அவசரமில்லாமல். வயதான ஒரு மனிதர் முழங்காலைப் பார்த்துப் பக்குவமாக அமர்வதைப் போல. நாலாபக்கமும் இருந்து சுருக்கங்கள் அந்தக் குழியை நோக்கி ஓடி வந்தன. மடிக்கணினி ஒரு பக்கம் சரிந்தது.

"தெரியுதா உம்மா?" என்று கைப்பேசிக்குப் பின்னால் நின்றபடி அஸ்கா கேட்டாள்.

விரிப்பில் இன்னொரு பள்ளம் விழுந்தது. சிறியது. ஊன்றிய ஓர் உள்ளங்கையின் அளவு. அது இருந்த இடத்தில் இருக்கவில்லை; அஸ்கா நின்ற பக்கமாக, விரிப்பின் மேல் நகர்ந்து வந்தது.